முப்பத்தெட்டு ஜாடியும் நீலமான வெள்ளிக்கிழமை

கல்யாணமாகி மூணு வருஷத்துல என் வீட்டுக்காரர்கிட்ட நான் மரியாதை இல்லாம பேசினது ஒரே ஒரு நாள்தான். மத்த நாளெல்லாம் "ஏங்க", "சாப்டீங்களா", "பாத்து போங்க"தான். அந்த ஒரு நாள் மட்டும் நீ, வா, போன்னு ஆரம்பிச்சு, இங்க எழுத முடியாத எடம் வரைக்கும் போயிட்டேன். பக்கத்து வீட்ல ஓடிக்கிட்டிருந்த மிக்ஸிகூட நின்னு போச்சு, அவ்ளோ சத்தம். அத்தனைக்கும் காரணம் அவர் எனக்குப் பண்ண ஒரு நல்ல காரியம்.

எங்க வீடு திருவண்ணாமலைல, வேங்கிக்கால்ல இருக்கு. கலெக்டர் ஆபீஸ் நடக்கிற தூரம்தான், அவருக்கு அங்க வருவாய்த்துறைல வேலை. பட்டா, உட்பிரிவு, நகல், நகலுக்கு ஒரு நகல், இதுதான் அவரோட உலகம். நான் விலங்கியல்ல பிஎச்.டி. பண்ணிட்டிருந்தேன். ஆழ்கடல்ல ஒரு கூட்டம் இருக்கு, பாக்க அச்சு அசல் இறால் மாதிரியே இருக்கும், ஆனா இறால் கிடையாது. அதோட உடம்பு எப்படி அமைஞ்சிருக்கு, அத எந்த வரிசைல சேக்கணும், இதுதான் என் ஆராய்ச்சி. பாண்டிச்சேரி பஸ் ஏறினாத்தான் எங்களுக்குக் கடலே கண்ணுல படும். ஊரே மலையச் சுத்துது, நீ மட்டும் கடலுக்கு அடியில என்னம்மா தேடறேன்னு சொந்தக்காரங்க கேக்காத விசேஷமே இல்ல.

கடலோர ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு எனக்கு முப்பத்தெட்டு ஜாடி கடனா குடுத்திருந்துச்சு. கப்பல்லேர்ந்து வலையை எறக்கி, ஒவ்வொரு ஆழத்துலயும் புடிச்சத தனித்தனியா ஸ்பிரிட்ல போட்டு வச்சது. அதுல பாதிக்கு மேல எங்க வீட்டு ஹால் ஷோகேஸ்லதான் இருந்துச்சு, மீதி கட்டிலுக்கு அடில. திங்கக்கிழமை காலைல வண்டி வந்து எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடும்னு சொல்லிட்டாங்க. எனக்குக் காலக்கெடுவும் முடியப்போகுது, இனிமே நீட்டிப்பும் கிடையாது. பாக்கி இருந்தது அஞ்சாவது அத்தியாயம் ஒண்ணுதான். அதுக்காகவே ரெண்டு ஜாடிய மட்டும் கடைசியா திறக்கலாம்னு தொடாம வச்சிருந்தேன்.

அந்த அத்தியாயத்தப் பத்தி சொல்லிடறேன், இல்லன்னா என் பதைப்பு உங்களுக்குப் புரியாது. இந்தக் கூட்டத்துப் பேரு லோஃபோகாஸ்ட்ரிடா. இதுல பொம்பளைக்கு நெஞ்சுக்குக் கீழ ஒரு பை உண்டு. ஏழு ஜோடி மெல்லிசுத் தகடு ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு தொட்டில் மாதிரி இருக்கும். முட்டை அதுக்குள்ளயே பொரிஞ்சு, குட்டி அதுக்குள்ளயே வளரும். இந்தக் கூட்டத்துல சில தாய்ங்க ஒரு வருஷத்துக்கும் ஜாஸ்தியா, வாயில ஒண்ணும் போடாம, அந்தப் பையச் சுமந்துக்கிட்டே இருக்குங்களாம். படிச்சப்பவே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. குட்டி வளர வளர அம்மா இன்னும் ஆழத்துக்கு, இருட்டுக்கு, பத்திரமான எடத்துக்கு எறங்கறான்னு நான் நாப்பது பக்கம் எழுதி வச்சிருந்தேன். அத நிரூபிக்க வேண்டியது அந்த ரெண்டு ஜாடிதான். ஒண்ணு கம்மி ஆழத்துல போட்ட மூணாவது வலைல வந்தது. இன்னொண்ணு ரொம்ப ஆழத்துல போட்ட பதினொண்ணாவது வலைல வந்தது. ரெண்டுலயும் ஒவ்வொரு தாய். ஆழத்துல வந்த தாயோட பைல வளந்த குட்டி இருந்தா நான் ஜெயிச்சேன்.

இப்ப வெள்ளிக்கிழமைக்கு வரேன். ரெண்டு நாள் சென்னைல ஒரு கருத்தரங்கம். முடிச்சிட்டு விடிகாலை பஸ் ஏறி, காலைல வீட்டுக்கு வந்தேன். போன பௌர்ணமிக்கு கிரிவலப் பாதைல ட்யூட்டி பாத்ததுக்கு ஈடா அவருக்கு லீவு. கதவத் திறக்கும்போதே முகமெல்லாம் பல்லு.

"வா வா, செருப்பக் கழட்டிட்டு நேரா ஹாலுக்கு வா. கண்ண மூடிக்கோ."

மூடினேன். தொறந்தேன். ஷோகேஸ், டிவி ஸ்டாண்டு, தரை, எல்லா எடத்துலயும் ஜாடி. தொடச்சுத் தொடச்சுப் பளபளன்னு. முப்பத்தெட்டும் வரிசையா நிக்குது. முப்பத்தெட்டும் நீலம்!

"நேத்தெல்லாம் வெள்ளையாத்தான் இருந்துச்சு, காலைல பாத்தா தானா இப்படி ஆயிடுச்சு. கடல் மாதிரி இருக்குல்ல?"ன்னாரு.

ஓடிப்போய் ஒரு ஜாடியத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஜாடிக்குள்ளயும் ஒரு துண்டுச்சீட்டு கிடக்கும். கப்பல்ல ஈரக் கையோட, பென்சிலால கிறுக்கினது. ஓரமெல்லாம் கிழிஞ்சு, பழுப்பேறி, பாக்க சகிக்காது. ஆனா எந்த வலை, எந்த நம்பர்னு அதுலதான் இருக்கும். சீட்டு போச்சுன்னா உள்ள இருக்கிறது வெறும் ஊறுகா. இவர் பாத்திருக்காரு. பாவம், நம்ம பொண்டாட்டி இவ்ளோ படிச்சு இந்தக் குப்பைய வச்சுக்கிட்டுக் கஷ்டப்படறாளேன்னு மனசு உருகியிருக்கு. ஆபீஸ்லேர்ந்து கெட்டி லெட்ஜர் பேப்பர் கொண்டாந்து, ஸ்கேல் வச்சு வெட்டி, முப்பத்தெட்டு சீட்டையும் முத்து முத்தா நகல் எடுத்து, கீழ "உண்மை நகல்"னு கையெழுத்தும் போட்டு, பழசு எங்க இருந்துச்சோ அதே மாதிரி ஜாடிக்குள்ளயே போட்டுட்டாரு. எல்லாம் பால்பாயிண்ட் பேனால. ஸ்பிரிட்ல பால்பாயிண்ட் மை ஒரு ராத்திரிகூட தாங்காது. அதுக்குத்தான்யா உலகம் முழுக்க எங்காளுங்க பென்சில் வச்சிருக்கோம்!

"பழைய சீட்டு எங்க?"

"நகல் எடுத்தாச்சுல்ல. அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டேன்னா?"

"கிழிச்சு, குப்பை வண்டில போட்டாச்சு. ஒண்ணுக்கு ரெண்டு ஆவணம் இருந்தா பின்னாடி கொழப்பம் வரும்."

அப்பதான் நீ, வா, போ எல்லாம் வந்துச்சு. "நீ என் நாலு வருஷத்தக் குப்பைல போட்டுட்ட"ன்னு கத்தினேன். ஜாடில இருந்த வெத்துச் சீட்டையெல்லாம் ஒவ்வொண்ணா உருவி, அவர் முகத்துக்கு நேரா காட்டி, பக்கெட்ல வீசினேன். வெள்ளை வெளேர்னு, ஒரு எழுத்து இல்ல. முப்பத்தாறு வீசினதும் மூச்சு வாங்குச்சு. ஒத்தைத் தாயோட நான் தொடாம வச்சிருந்த அந்தக் கடைசி ரெண்டு ஜாடிய மட்டும் திறக்க மனசு வரல. அப்படியே தரைல உக்காந்து ஓன்னு அழுதேன். அவர் உள்ள போய் ஒரு டம்ளர் காபியக் கொண்டாந்து பக்கத்துல வச்சிட்டு, தானும் தரைல உக்காந்துக்கிட்டாரு.

"வேற எங்கயும் எழுதி வைக்கலயா நீ?"

வச்சிருந்தேன். என் நோட்டுல பட்டியல் இருந்துச்சு. ஜாடி ஒண்ணு, இந்த வலை, உள்ள இத்தனை பேரு, இன்னின்ன அடையாளம். ஆனா எந்த ஜாடி ஒண்ணு, எந்த ஜாடி ரெண்டுன்னு சொல்லுற நம்பர் சீட்டுல மட்டும்தான்.

"அப்ப ஆள் அடையாளம் வச்சு ஆளக் கண்டுபுடிக்கணும். அவ்ளோதானே? எங்க ஆபீஸ்ல தினமும் பண்றதுதான். நீ மைக்ராஸ்கோப்ப எடு, நான் நோட்ட எடுக்கறேன்"னாரு.

சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த மூணு நாள் மாதிரி நான் சிரிச்சதே இல்ல. முதல் நாள் பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிச்சேன். இவருக்கு முதல்ல இந்தக் கூட்டத்தோட கதையச் சொல்ல வேண்டியிருந்துச்சு. காலெல்லாம் ரெண்டா பிரிஞ்சிருக்குன்னு ஒரே காரணத்த வச்சு, அந்தக் காலத்துல மூணு கூட்டத்த ஒண்ணா கட்டிப் போட்டாங்க. அப்புறம் பாத்தா கிரில்னு ஒண்ணு நிஜ இறாலுக்குப் பங்காளி. மீதி ரெண்டுக்கும் வயித்துப் பை இருக்கு, அது வேற வம்சம். அப்புறம் அந்த ரெண்டையும் பிரிச்சு, மைசிட் தனி, லோஃபோகாஸ்ட்ரிட் தனின்னு ஆக்கிட்டாங்க.

"அட, நம்ம வட ஆற்காடு! மொத்தமா ஒரே மாவட்டமா இருந்துச்சு, திருவண்ணாமலையப் பிரிச்சாங்க, அப்புறம் மிச்சத்தையும் பிரிச்சாங்க. இதுல எவ்ளோ கோப்பு காணாம போச்சோ!"ன்னாரு.

"நீங்க பேசாதீங்க, காணாம போறதப் பத்தி"ன்னேன். "நீங்க" திரும்பி வந்துடுச்சேன்னு அவருக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் விசாரணை ஆரம்பமாச்சு. அவர் ஆபீஸ் குரல்லயே கேப்பாரு. "மனுதாரருக்கு வால் விசிறில மணி உண்டா, இல்லயா?" மைசிட்டுக்கு வால் விசிறியோட உள் தகட்டுல முத்து மாதிரி ஒரு சின்னக் கல் இருக்கும். தண்ணில எது மேல, எது கீழன்னு அதுதான் அதுக்குச் சொல்லும். நம்ம லோஃபோகாஸ்ட்ரிட்டுக்கு, சுருக்கமா லோபோவுக்கு, அது கிடையாது. "மணி இல்ல"ன்னு நான் சொன்னா, "இல்லை என அறியப்படுகிறது"ன்னு எழுதிக்குவாரு. "மேல் ஓடு ஒட்டியிருக்கா, தூக்க வருதா?" நிஜ இறாலுக்கு முதுகு ஓடு நெஞ்சோட முழுசா ஒட்டிக்கிட்டு இருக்கும். லோபோவுக்குப் பின்பக்கம் ஒட்டாது, ஊசியால மெல்லத் தூக்கினா டிபன் பாக்ஸ் மூடி மாதிரி எழும்பும். அதுக்கு அடியில, கால் மொளைக்கிற எடத்துல, கெளை கெளையா செவுள். மைசிட்டுக்கு அந்தச் செவுளே இல்ல.

செவுள்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. ஸ்பிரிட்ல ஊறி ஊறி எல்லாம் ஒரே வெளிறின நெறமாத்தான் இருக்கும், செவுளு எங்க முடியுது, காலு எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கறதுக்குள்ள கண்ணு போயிடும். இப்ப முதல் ஜாடிய லென்சுக்குக் கீழ வச்சுட்டு நான் வீறிட்டேன். அவர் பயந்து எழுந்துட்டாரு. பேனா மை செவுள்ல ஏறியிருக்கு! ஒவ்வொரு கெளையும் ஊதா நூல் மாதிரி தனியா தெரியுது. இதுக்குன்னே சாயம் போடறவங்க உண்டு, நான் பயந்துக்கிட்டு நாலு வருஷமா போடல. இவர் ஒரே நாள்ல முப்பத்தெட்டு ஜாடிக்கும் போட்டுட்டாரு. போற போக்குல ரெண்டு ஜாடில நான் முன்னாடி தப்பா எண்ணின கால்கூட சரியாயிடுச்சு.

"அப்ப நான் பண்ணது நல்லதுதான்னு..."

"வாயத் தொறந்தீங்கன்னா ஸ்பிரிட்ட ஊத்திடுவேன்."

ஆனா சிரிப்ப அடக்க முடியல. அவருக்கும் முடியல. சனிக்கிழமை சாயங்காலம் பாத்தா, ரெண்டு பேரும் மைக்ராஸ்கோப்புக்கு ரெண்டு பக்கமும் உக்காந்து, கையெல்லாம் ஊதாவா, இட்லிய ஸ்பூனால சாப்பிட்டுக்கிட்டு, ஒரு ஒத்தக் கண்ணு கிரில்லப் பத்தி சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். இடது கண்ணு இல்லாததுதான் நோட்டுல இருக்கிறது, இதுக்கு வலது கண்ணு இல்லன்னு அவர் சாதிக்கிறாரு. "நீங்க தலைகீழ பாக்கறீங்க, லென்சுல எல்லாம் மாறித் தெரியும்"னு நான் சொல்ல, "அப்ப இவ்ளோ நேரம் நான் பாத்ததெல்லாம் தப்பா"ன்னு அவர் ஆடிப்போயிட, வீடே அல்லோலகல்லோலம். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள முப்பத்தாறு ஜாடிக்கு ஆள் அடையாளம் கிடைச்சிடுச்சு. புதுச் சீட்டு எல்லாம் பென்சில்ல. அவரே சீவிக் குடுத்தாரு.

பாக்கி ரெண்டு. நான் அவ்ளோ நேரம் நெனைக்காம இருந்த ரெண்டு.

ரெண்டும் ஒரே இனம், ஒரே நீளம், ரெண்டும் தாய். வெளில எந்த வித்தியாசமும் இல்ல. நோட்டுலயும் "ஒரு தாய்"னு மட்டும்தான் எழுதியிருந்தேன், ஏன்னா பையத் திறந்தா திரும்ப மூட முடியாது. இப்ப வேற வழி இல்லன்னு முதல் ஜாடிய எடுத்து, தகட்ட ஒவ்வொண்ணா ஊசியால ஒதுக்கினேன். உள்ள முட்டை, உருண்டை உருண்டையா. ரெண்டாவது ஜாடி. முதல் தகட்ட ஒதுக்கினதுமே ஊசியக் கீழ வச்சிட்டேன். குட்டிங்க! நெருக்கியடிச்சு, வால மடக்கி, ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் கருப்பா கண்ணு. அத்தனை கண்ணும் என்னையே பாக்குது.

"ஏங்க, வந்து பாருங்களேன்!"

அவர் குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "இதுங்க எல்லாம் பொறக்காமலேயே..."ன்னு ஆரம்பிச்சவரு முடிக்கல.

வளந்த குட்டி இருக்கிற தாய் பதினொண்ணாவது வலைல வந்தவளா இருந்தா என் நாப்பது பக்கமும் நெஜம். மூணாவதா இருந்தா பொய். எதுன்னு சொல்ல உலகத்துல ஒரு சாட்சியும் இல்ல. நான் பதினொண்ணுன்னு எழுதினா அது பதினொண்ணுதான். பென்சில் கைல இருக்கு. மனசு எழுது எழுதுன்னுது. அவளேதான் இருக்கணும், எனக்குத் தெரியும்னு சொல்லிக்கிட்டேன். பெருமையா சொல்ல வரல, சீட்டுல பதினொண்ணோட முதல் "1" போட்டுட்டேன்.

அப்ப அவர் ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, அந்த ரெண்டு ஜாடிலேர்ந்தும் எடுத்த வெத்துச் சீட்ட, எது எந்த ஜாடியோடதுன்னு மாறாம தனித்தனியா காய வச்சுக்கிட்டிருந்தாரு. காஞ்சா மை திரும்பி வரும்னு நெனைப்பு போல. கட்டை விரலால தடவிக்கிட்டே, "இங்க பாரு, எழுத்து தட்டுப்படுது"ன்னாரு.

ஓடினேன். டார்ச் அடிச்சுப் பாத்தோம், ஒண்ணும் விழல. சாஞ்ச வெயில்ல பிடிச்சா, ஆமா, கோடு தெரியுது! வேலைல சேந்த புதுசுல மூணு கார்பன் வச்சு எழுதி எழுதி, இவருக்குப் பேனாவ அழுத்தி எழுதித்தான் பழக்கம். கம்ப்யூட்டர் வந்து இத்தனை வருஷமாகியும் அந்தக் கை மாறல. கெட்டி பேப்பர்ல பள்ளம் விழுந்திருக்கு. மை போச்சு, பள்ளம் போகல. சூரியன் மலைக்குப் பின்னாடி எறங்கறதுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"குட்டி இருக்கிற ஜாடியோடது எது? அதப் படிங்க, சீக்கிரம்!"

இப்படித் திருப்பினாரு, அப்படித் திருப்பினாரு. "வலை எண்..."னு இழுத்தாரு. "மூணு."

"சரியா பாருங்க."

"மூணுதான்."

புடுங்கிக்கிட்டுப் போய் நானே லென்சுக்குக் கீழ சாச்சு வச்சுப் பாத்தேன். விரலால தடவியும் பாத்தேன். ரெண்டு வளைவு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. இன்னொரு சீட்டுல ரெண்டு நேர்க்கோடு. பதினொண்ணு முட்டைக்காரி. மூணு குட்டிக்காரி. நான் எழுதினதுக்கு நேர் எதிர்.

அவர் என் முகத்தப் பாத்தே புரிஞ்சுக்கிட்டாரு. "பதினொண்ணு வந்திருக்கணுமா?"

"ஆமா."

சீட்ட மேசை மேல வச்சிட்டு, ரொம்ப மெதுவா சொன்னாரு. "என்னாலதான் உனக்கு இவ்ளோ கஷ்டம். நீ எது எழுதறியோ எழுது. நான் எதையும் படிக்கல." சொந்தச் சித்தப்பாவுக்கே ஆவணம் சரியில்லன்னு நகல் தராம திருப்பி அனுப்பின மனுஷன் அவர். எனக்காக அதச் சொன்னாரு. அதக் கேட்டதும், நான் போட்டு வச்சிருந்த அந்த "1" மேல எனக்கே அருவருப்பா இருந்துச்சு.

"படிச்சீங்க. நானும் படிச்சேன்"னேன்.

திரும்பி லென்சுக்குள்ள பாத்தேன். அந்தக் கண்ணுங்க. திடீர்னு ஒண்ணு ஒறைச்சுது. கண்ணு! எதுக்குடா கண்ணு, இருட்டுக்குள்ள எறங்கறதுக்கா? அவ கீழ போகல. மேல வந்துக்கிட்டிருந்திருப்பாளோ? வெளிச்சம் கொஞ்சம் இருக்கிற, சாப்பாடு கெடைக்கிற எடத்துல புள்ளைங்கள விடறதுக்கு, பட்டினி வயித்தோட? ஒத்த ஜாடிய வச்சு அப்படின்னு சட்டம் போட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா நான் நாலு வருஷமா கேக்காத கேள்வி அது. சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

"ஏங்க, நாப்பது பக்கமும் போச்சுங்க!"ன்னு கையத் தட்டினேன். புத்தி பேதலிச்சிடுச்சுன்னே நெனைச்சிட்டாரு, தண்ணி எடுத்தாறேன்னு ஓடினாரு.

என் வழிகாட்டி மேடத்துக்குப் போன் பண்ணி, நீலத்துலேர்ந்து பள்ளம் வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னேன். முழுசையும் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம், "பேனா மை கதையையும் சேத்து அப்படியே எழுது. தப்புன்னு தெரிஞ்சத தப்புன்னு எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போடறேன்"னு சொல்லி வச்சிட்டாங்க.

"1" போட்ட சீட்டக் கிழிச்சேன். புதுசு ஒண்ணு எடுத்து, பென்சில்ல அழுத்தி மூணுன்னு எழுதி ஜாடிக்குள்ள விட்டேன். அது மெல்லச் சுத்திச் சுத்தி எறங்கி, அவ பக்கத்துல போய்ப் படுத்துக்கிச்சு. அப்புறம் அஞ்சாவது அத்தியாயத்த எடுத்து, தலைப்ப மொத்தமா அடிச்சிட்டு, அந்த எடத்துல முதல்ல மனசுல வந்தத அப்படியே எழுதினேன்: குட்டிக்குக் கண்ணு தெறந்ததும் நீ ஏம்மா மேல வந்த?